டேங்க் அண்ணனுக்குப் பின்னால் வராதீர்கள்

உலகத்தில் எல்லா ஓட்டுநர்களும் ஓர் இடத்துக்குப் போய்ச் சேர்வதற்காக வண்டி ஓட்டுகிறார்கள். எங்கள் டேங்க் அண்ணன் ஒருவர்தான் பின்னால் வருகிறவனிடமிருந்து தப்பிப்பதற்காக ஓட்டுகிறார். வழியில் பெங்களூர் வந்துவிடுவதால் நாங்கள் இறங்கிக்கொள்கிறோம்.

கோலார் தங்கவயலில் ராபர்ட்சன்பேட்டை பஸ் ஸ்டாண்டு அருகிலிருந்து காலை ஐந்து ஐம்பதுக்கு அவருடைய பழைய பெட்ரோல் வேன் புறப்படும். நாங்கள் எட்டுப் பேர். எல்லோருக்கும் ஒயிட்ஃபீல்டு பக்கம் வேலை. அண்ணனுக்கு இது இரண்டாவது பிழைப்பு. தங்கச் சுரங்கம் மூடும்வரை அங்கே மைசூர் மைன்ஸில் கேஜ் ஓட்டியவர். கேஜ் என்றால் ஆட்களைப் பூமிக்குள் இறக்கி ஏற்றும் இரும்புக் கூண்டு. அதை மேலே இன்ஜின் அறையில் உட்கார்ந்து இயக்குகிறவர் கண்ணில் ஆட்கள் படமாட்டார்கள்; மணிச் சத்தம் மட்டும்தான் கேட்கும். “பத்து வருஷம். ஒருத்தனுக்கு ஒரு கீறல் வுழல” என்பார்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், அவருடைய சுரங்க நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில், இரண்டு காலை வணக்க ரோஜாக்களுக்கு நடுவே ஒரு வீடியோ வந்தது. நின்றிருந்த காரின் மேல் பின்னால் வந்த லாரி மோதுகிறது. பெட்ரோல் டேங்க் பிளந்து தீப்பிடிக்கிறது. மொத்தம் பதினொரு விநாடி. அண்ணன் அதை நாற்பது முறை பார்த்தார். பிறகு வேனுக்கு அடியில் படுத்துத் தன் டேங்க் எங்கே இருக்கிறது என்று பார்த்தார். பின்பக்கம், பம்பரிலிருந்து இரண்டு சாண் தூரத்தில். எழுந்தபோது அவர் வேறு மனிதர். ஒரே வாரத்தில் பெயரும் மாறிவிட்டது.

“உன் வண்டில டேங்க்கு எங்க கீது?” என்பதுதான் அதன்பின் அவருடைய நலம் விசாரிப்பு. பின்சக்கரத்துக்கு முன்னால் என்றால் தோளில் தட்டுவார். பின்னால் என்றால், வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று மெதுவாகக் கேட்பார். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை காருக்கு அடியில் புகுந்துவிட்டார். வேட்டி கட்டிய இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்ததும் பெண் வீட்டார் அலறினார்கள். மேளம் நின்றது. அடியிலிருந்து குரல் வந்தது: “நடுவுலதான் கீது. பொண்ண தைரியமா ஏத்துங்க!”

தன் வேனுக்கும் காவல் போட்டார். பம்பருக்கும் டேங்குக்கும் இடையில் லாரி டயர்த் துண்டுகளை அடுக்கிக் கம்பியால் கட்டினார். பின்கண்ணாடியில் தமிழ், கன்னடம், தெலுங்கு என்று மூன்று மொழிகளிலும் எழுதினார்: ‘கவனம். இந்த வண்டியின் பெட்ரோல் டேங்க் பின்பக்கம் உள்ளது. நீங்கள் மோதினால் போவது நாங்கள் மட்டும் அல்ல. தயவுசெய்து சற்றுத் தள்ளி வரவும்.’ இருந்த இடத்தில் இவ்வளவும் அடங்க வேண்டுமே, எழுத்து புளியங்கொட்டை அளவுக்குத்தான் வந்தது. படிக்க வேண்டும் என்றால் எட்டடிக்குள் வர வேண்டும். எல்லோரும் படிக்க விரும்பினார்கள்.

அதனால் சிக்னலில் வண்டி நின்றதும் அண்ணன் இறங்கிப் பின்னால் ஓடுவார். பின்வண்டிக்கு நேராகக் கையை விரித்துக்கொண்டு நிற்பார். ஒரு திங்கட்கிழமை ஹொஸ்கோட்டில் அவர் இப்படி ஒரு தண்ணீர் லாரியைத் தடுத்துக்கொண்டிருந்தபோது பச்சை விழுந்தது. லாரிக்காரர் ஹாரன் அடிக்க, இவர் நகர மறுக்க, எங்களுக்கு இருபத்திரண்டு நிமிடம் தாமதம்.

அன்றைக்குத் தனம் அக்கா தீர்ப்புச் சொன்னார். கார்மெண்ட்ஸ் கம்பெனியில் சூப்பர்வைசர். எங்கள் எட்டுப் பேருக்கும் அவர்தான் வாய்.

“அண்ணா, ஒண்ணாந்தேதிலருந்து நாங்க ரயிலு. முடிவு பண்ணிட்டோம்.”

“எட்டு பேருமா?”

“எட்டு பேரும்.”

எட்டுப் பேரும் போய்விட்டால் வேன் நின்றுவிடும். சுரங்கத்தை மூடியபோது ஒருமுறை வெறுங்கையோடு வீட்டுக்குப் போனவர் அவர். “இனிமே சிக்னல்ல எறங்க மாட்டேன். வேற ஏற்பாடு பண்றேன், பாருங்க” என்று கெஞ்சினார்.

வேற ஏற்பாடு, மாதத்தின் கடைசி நாளில் வந்தது. பின் சீட்டின் மேல் ஒரு பித்தளை மணி தொங்கியது. பின்சீட்டில் இருக்கிறவர் திரும்பி உட்கார்ந்து சாலையைப் பார்க்க வேண்டும். வண்டி ஏதாவது நெருங்கினால் ஒரு பெல். “பெல் கேட்டா நான் சர்ருனு முன்னாடி பூடுவேன்” என்றார். முதல் நாள் முறை என்னுடையது.

கோலார் தாண்டியதும் ஒரு தக்காளி டெம்போ பின்னால் வந்தது. பதினைந்து அடி. பத்தடி. எட்டடி. ஓட்டுகிறவரின் உதடுகள் அசைந்தன. படிக்கிறார்! நான் கயிற்றை இழுத்தேன். டங்.

வேன் ஆணி அடித்ததுபோல் நின்றது.

பின்னால் டமார். தக்காளிக் கிரேட்டுகள் பறந்தன. வேனுக்கு அடியிலிருந்து சிவப்பாக ஏதோ வழிந்தது. “எல்லாரும் எறங்கு! வயல் பக்கம் ஓடுங்க!” என்று அண்ணன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, எட்டாவது ஆள் இறங்கும்வரை எண்ணினார். பிறகு நாங்கள் கத்தக் கத்த வேனுக்கு அடியில் புகுந்தார். மோந்து பார்க்கும் சத்தம் கேட்டது. தலைமுடியில் தக்காளியோடு வெளியே வந்தார்.

“ஒரு சொட்டு ஒழுகல! டயரு தாங்கிக்கிச்சி!”

யாருக்கும் அடியில்லை. டெம்போக்காரர் மட்டும் மிகுந்த மனவருத்தத்தில் இருந்தார். “பாதி படிக்கறப்பவே பிரேக் போட்டா எப்படி சார்?”

தனம் அக்கா வந்தார். “முன்னாடி பூடுவேன்னு சொல்லிட்டு இன்னாத்துக்குண்ணா நின்னீங்க? நீங்க நிக்கலன்னா அவன் இடிச்சே இருக்க மாட்டான்.”

அண்ணன் கவிழ்ந்த கிரேட்டின் மேல் உட்கார்ந்தார்.

“கேஜ்ல ஒரு பெல்லுன்னா நிறுத்தணும்மா. கீழ எவனோ மாட்டிக்கினான்னு அர்த்தம். நிறுத்தலன்னா ஆளு பூடுவான். மூள ஓடுன்னுதான் சொல்லிச்சி. காலு கேக்கல.” வேனைத் திரும்பிப் பார்த்தார். “நீங்க நாளைலருந்து ரயில்லயே போங்க. எட்டு உசுரு, என் கையால எதனா ஆயிடப்போவுது.”

தனம் அக்கா புடவையிலிருந்து ஒரு தக்காளித் தோலை எடுத்து எறிந்தார்.

“ரயிலு நடுவுல நின்னா, பின்னாடி இன்னொரு ரயிலு வராதாண்ணா?”

அண்ணன் நிமிர்ந்தார். இந்தக் கோணத்தில் அவர் யோசித்ததே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

“ஆமா இல்ல?” என்றார். “அய்யய்யோ, வேணாம்மா. வேன்லயே வாங்க.”

“அப்ப மொதல்ல அந்த பெல்ல கழட்டுங்க. கண்ணாடில ‘தள்ளி வா’ன்னு மட்டும் பெருசா எழுதுங்க.”

மறுநாள், ஒன்றாம் தேதி, ஐந்து நாற்பத்தைந்துக்கே எட்டுப் பேரும் வந்து நின்றோம். அண்ணன் எங்களை இரண்டு முறை எண்ணிவிட்டுத்தான் வண்டியைக் கிளப்பினார்.

மாலையில் எங்களை இறக்கிவிட்ட பிறகு, கடைசி ஆள் தன் தெருவுக்குள் திரும்பும்வரை அவர் வண்டியை எடுப்பதில்லை. அந்தக் கடைசி ஆள் நான். கால் வலிக்கிற நாளிலும் விறுவிறுவென்று நடந்துவிடுவேன். அண்ணன் போய்ச் சாப்பிட வேண்டுமே.