முப்பத்தொரு மார்க்

வாடகைக்கு வீடு கேட்ட வாத்தியாருக்கு ஆப் போட்ட மார்க், நூற்றுக்கு முப்பத்தொன்று. மார்க் போட்டது அவரே எழுதிய புரோகிராம்.

'வாத்தியார்' என்பது, அந்த ஆப்பை நடத்தும் ஆபீஸில் வைத்த பெயர். வீடு தேடி வருபவர்களை அலசி மார்க் போடும் வேலையை ஆப்புக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். ஐம்பதுக்குக் கீழே வாங்கினால் வீட்டுக்காரரின் நம்பர் கிடைக்காது. அவரோ ஞாயிற்றுக்கிழமைக்குள் இப்போதிருக்கும் வீட்டைக் காலி செய்தாக வேண்டும். ஆப்பில் பிடித்திருந்தது ஒரே ஒரு வீடு, மனைவி வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குப் பின் தெருவில் ஒரு மாடிப் போர்ஷன்.

"புதிதாகத் தொடங்கிய கம்பெனியில் வேலை. நாற்பது மார்க் குறைப்பு" என்று காரணம் காட்டியது திரை. வாத்தியாருக்கு ரத்தம் கொதித்தது. இந்த மாதிரி கம்பெனிகள் இன்றைக்கு இருக்கும், நாளைக்கு இருக்காது என்று போன வருஷம் அந்த விதியைச் சேர்த்தவரும் அவர்தான். முதலாளி அன்று தோளில் தட்டிக்கொடுத்தார். இருவருமே அப்போது மற்றவர்களின் கம்பெனியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

நேரே முதலாளியிடம் போனார். மீட்டிங் அறையில் நாற்காலி முதுகில் ஈரத்துண்டு காய்ந்துகொண்டிருந்தது. லேப்டாப் பக்கத்தில் டூத் பிரஷ்.

"சார், அந்த ஒரு விதியை மட்டும் ரெண்டு நாளைக்கு எடுத்துடறேன்."

"கை வெச்சீங்க, வேலை போயிடும்! விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். என்னைப் பாருங்க, மூணு வாரமா இங்கயே படுத்து எந்திரிக்கிறேன். எல்லாம் கம்பெனிக்காக! நீங்க என்னடான்னா வீடு, வீடுங்கறீங்க."

வாத்தியார் வெட்கப்பட்டுக்கொண்டே ஆத்திரப்பட்டார்.

'சொந்தத் தொழில்' என்று மாற்றிப் பார்த்தார். முன்னுக்குப் பின் முரண் என்று ஆப் கண்டுபிடித்துவிட்டது. மார்க் இருபத்திரண்டு. அதைக் கண்டுபிடிக்கும் சாமர்த்தியமும் அவர் கைவண்ணம்தான்.

மனைவி பெயரில் முயன்றார். நர்ஸ், எண்பத்துநாலு! வீட்டில் ஐந்து நிமிடம் சந்தோஷம் தாண்டவமாடியது. பிறகு 'கணவர்' என்ற கட்டத்தில் அவர் பெயரை நிரப்பினாள். எண்பத்துநாலு பதினேழாகிவிட்டது.

"உங்களைக் கட்டிக்கிட்டதுக்கு அறுபத்தேழு மார்க் போச்சா?"

"நான் என்ன பண்றது? ஆப் அப்படி."

"அதை யாரு எழுதினது? எதிர் வீட்டுக்காரரா?"

அவசரமாக அந்த விண்ணப்பத்தை அழித்துவிட்டு மறுபடி போட்டார். 'திரும்பத் திரும்ப விண்ணப்பித்துத் தொல்லை தருபவர், உஷார்' என்று ஆப்பிலிருந்து ஊரிலுள்ள வீட்டுக்காரர்கள் அத்தனை பேருக்கும் செய்தி பறந்தது. முதலில் போன் செய்தவர் இப்போதைய வீட்டுக்காரர்.

"என்னங்க, உங்களைப் பத்தி என்னென்னமோ வருது? ஞாயித்துக்கிழமை வேணாம். வெள்ளிக்கிழமையே காலி பண்ணிடுங்க."

எட்டு வருஷம் வாடகை பாக்கி வைக்காத மனிதனுக்கு இந்த மரியாதை! வாத்தியார் ஆபீஸ் பதிவைத் திறந்து மாடிப் போர்ஷனின் விலாசத்தைக் குறித்துக்கொண்டு கிளம்பினார். தெரிந்தால் வேலை போகும். போனால் போகட்டும்.

கதவைத் திறந்த வீட்டுக்கார அம்மாவின் கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கியது. உள்ளே தையல் மெஷின்.

"ஆப் சொல்றதை நம்பாதீங்கம்மா! அதுக்கு மனுஷங்களைப் பத்தி என்ன தெரியும்? அதை எழுதினவனை நடுரோட்டில நிக்க வெச்சு நாலு கேள்வி கேக்கணும்!"

அந்த அம்மா அவரை இரக்கத்தோடு பார்த்தாள்.

"நேத்து வந்தவரும் இதையேதான் சொன்னாரு தம்பி. ஆப்ல அவருக்கு வெறும் ஒம்போது மார்க்காம். எங்கயும் வீடு கிடைக்காம மூணு வாரமா ஆபீஸ் மீட்டிங் ரூம்லயே படுத்துக் கிடக்காராம். பாவமா இருந்துச்சு, சாவியைக் குடுத்துட்டேன்."