உண்மை நகல்

வாழ்க்கையில் ஒரே ஒரு பொருளாவது அசலாக வாங்கிவிடுவது என்று குமாஸ்தா சபதம் எடுத்த அன்று, அவர் வீட்டுச் சமையலறையின் தகரக் கூரை மூன்று இடத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது. கூரை ஒழுகுகிற வீட்டில் சபதம் எடுக்கக் கூடாது. எடுத்தால் நமுத்துப் போய்விடும். மனிதருக்கு அது தெரியவில்லை.

அவரைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. உத்தியோகம் அப்படி. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஜன்னல் இல்லாத ஓர் அறையில் உட்கார்ந்து, ஊரார் கொண்டுவரும் சான்றிதழ்களின் அசலையும் நகலையும் பக்கம் பக்கமாக வைத்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, நகலின் மேல் 'உண்மை நகல்' என்று முத்திரை குத்துவார். அசலை அவரவர் பத்திரமாகச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள். இவருக்கு மிஞ்சுவது விரலில் ஒட்டிய மை.

வீட்டிலும் அதே கதைதான். சின்ன வயதில் போட்டதெல்லாம் அண்ணனுக்குச் சிறிதாகிப் போன சட்டை. படித்ததெல்லாம் அண்ணன் கிறுக்கி வைத்த புத்தகம். கார்கூட மூன்று பேர் ஓட்டி அலுத்துப் போய் நாலாவதாக இவர் தலையில் கட்டியது. அவ்வளவு ஏன், பெண்டாட்டியே முதலில் அண்ணனுக்குப் பேசிய பெண். அண்ணன் வேறு ஒருத்தியைப் பார்த்து வைத்திருந்ததால், வாக்குக் கொடுத்தாயிற்றே என்று பெரியவர்கள் தம்பியை இழுத்துவந்து நிறுத்திவிட்டார்கள். "செகண்ட் ஹேண்டாவே பொறந்தவன் நான்" என்று அவர் முணுமுணுத்துக்கொள்வார். மழைக்காலத்தில் இந்த முணுமுணுப்பு கொஞ்சம் கூடும்.

அலாய் வீல் பைத்தியம் பிடித்தது மேலாளரால். மேலாளர் காருக்குப் பளபளவென்று அலாய் சக்கரம் போட்டுக்கொண்டு வந்து, அலுவலகத்தையே வாசலுக்குக் கூப்பிட்டுக் காட்டினார். ஒரிஜினல், கம்பெனியே காரோடு கொடுப்பது என்றார். எல்லோரும் ஆகா என்றார்கள். குமாஸ்தா மட்டும், வாழ்க்கை முழுக்க ஒப்பிட்டே பழகின மனிதர் இல்லையா, கீழே விழுந்த பேனாவைத் தேடுகிற சாக்கில் காருக்கடியில் தலையை விட்டார். எழுந்தபோது முகத்தில் அப்படியொரு சந்தோஷம். பல வருஷம் கழித்து வந்த சந்தோஷம்.

டூப்ளிகேட்!

அலாய் சக்கரத்தில் அசல் எது, நகல் எது என்று பார்க்க முகத்தைப் பார்க்கக் கூடாது, முதுகைப் பார்க்க வேண்டும். முன்பக்கத்தை எவனும் மினுக்கிவிடலாம். கம்பெனி வார்த்த சக்கரம் என்றால் முதுகில் புடைத்த எழுத்து இருக்கும். கம்பெனி முத்திரை, பாக எண், அளவு, எவ்வளவு எடை தாங்கும், எந்த மாதம் வார்த்தது, எல்லாம் சக்கரத்தோடு சக்கரமாக வார்த்திருக்கும். நகலில் அந்த இடம் மொழுமொழுவென்று கிடக்கும். நடு ஓட்டையும் அப்படித்தான். அசல் காரின் அச்சில் கச்சிதமாக உட்காரும். நகல் லொடலொட என்றிருக்கும், இடைவெளியை அடைக்க ஒரு பிளாஸ்டிக் வளையம் வேண்டும். இதையெல்லாம் குமாஸ்தா செல்போனில் படித்தும் உதிரிபாகக் கடைகளில் பழியாய்க் கிடந்தும் கரைத்துக் குடித்துவிட்டார்.

கடைசியில், அடிபட்ட ஒரு காரிலிருந்து கழற்றிய நாலு சக்கரம் ஒரு பழைய சாமான் கடையில் அகப்பட்டது. முதுகைத் தடவிப் பார்த்தார். எழுத்து விரலில் தட்டியது. கண் கலங்கிவிட்டது மனிதருக்கு. நடுவில் பொருத்தும் மூடிகளில் மட்டும் ஒன்று தொலைந்துபோய், அதற்குப் பதில் கடைக்காரர் போலி மூடி ஒன்றைச் செருகியிருந்தார். போகட்டும், நாலு சக்கரமும் அசல்!

பணம்? சமையலறைக் கூரையை மாற்ற மேஸ்திரிக்குக் கொடுக்கச் சொல்லி மனைவி கொடுத்திருந்த பணம் அப்படியே சட்டைப்பையில் இருந்தது. கடையை விட்டு வெளியே வந்தபோது சட்டைப்பை காலி.

வெளியே வந்த பிறகுதான் மனைவியின் ஞாபகம் வந்தது. அலாய் வீல் என்று சொன்னதுமே அவள் வீல் என்று கத்துவாளே! ஒரே வழிதான் தெரிந்தது. சக்கரம் டூப்ளிகேட், சல்லிசாகக் கிடைத்தது என்று சொல்லிவிடுவது. மனைவி வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, கொல்லையில் உட்கார்ந்து, அரத்தை எடுத்து அந்த அருமையான எழுத்துகளை அராவினார். ஒவ்வொரு எழுத்தும் பொடியாக உதிரும்போது தன் பல்லையே அராவுகிற மாதிரி இருந்தது. மூன்று சக்கரம் முடிந்தது. நாலாவதில் கை ஓடவில்லை. அதில் மட்டும் எழுத்தின் மேல் கிரீஸை அப்பி மறைத்துவிட்டார்.

சாயங்காலம் மனைவி வந்தாள். பேருந்து நிலையத்தில் டிக்கெட் கவுன்ட்டரில் வேலை அவளுக்கு. மீசை முளைத்த பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு "அரை டிக்கெட்தாங்க, அஞ்சு வயசு" என்று சத்தியம் பண்ணுகிற அப்பன்மாரைத் தினமும் பார்க்கிறவள்.

"என்னங்க, காருக்குக் கொலுசு போட்டிருக்கு?"

"அலாய் வீல்மா. டூப்ளிகேட். கிட்டத்தட்ட சும்மா குடுத்தான்."

"சும்மான்னா?"

"சும்மான்னா... சும்மா."

"கூரைப் பணம்?"

"அது பத்திரமா இருக்கு. மேஸ்திரிக்குத்தான் முதுகு பிடிச்சுக்கிச்சாம். குனிய முடியலை, நிமிர முடியலை. மழை விடட்டும்னு சொல்லிட்டார்."

"அடப் பாவமே" என்றாள். வீல் என்று கத்தவில்லை. உள்ளே போய், ஒழுகுகிற இடத்தில் வாளியை நகர்த்தி வைத்துவிட்டு, ஒரு கையில் குடையைப் பிடித்துக்கொண்டு குழம்பைக் கிளறினாள். அவள் கத்தியிருந்தால் குமாஸ்தா நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

மழை விடவேயில்லை. வாளியில் சொட்டுகிற சத்தம் அவர் மனசாட்சியின் மேலேயே சொட்டியது. ஆனாலும் காலையில் எழுந்ததும் பழைய பல் பிரஷ் ஒன்றை எடுத்துக்கொண்டு போய் சக்கரத்தின் இடுக்குகளைத் தேய்ப்பார். அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் அவருக்குத் தான் யாருடைய தம்பியும் இல்லை என்று தோன்றும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி துணி மடித்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"என் தம்பியும் இதே கார்தானே வெச்சிருக்கான்?"

"ஆமா. அதுக்கென்ன இப்போ?"

"இந்த வீலை அவனுக்குக் குடுத்துடலாமா? ரொம்ப நாளா ஆசைப்படறான். டூப்ளிகேட்தானே, போனாப் போகுது."

குமாஸ்தாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயையோ! கூடாது!"

"ஏன்? என் தம்பின்னா அவ்வளவு இளக்காரமா?"

"அதில்லம்மா. டூப்ளிகேட்டெல்லாம் ஆபத்து. ஒரு பள்ளத்துல இறங்கினா பொலபொலன்னு நொறுங்கிடும். மச்சான் பிள்ளைகுட்டிக்காரன்."

"அப்போ நீங்க நொறுங்கினா பரவாயில்லையா?"

"நான் மெதுவா ஓட்டுவேன்."

"நீங்க மெதுவா ஓட்டினா பள்ளம் ரொம்பிடுமா? எழுந்திருங்க, இப்பவே கழட்டுங்க."

"அது... அவ்வளவு ஒண்ணும் ஆபத்தில்லை..."

"அப்படியா? இருங்க, தம்பிக்குப் போன் போடறேன்."

கழற்றினார். வேறென்ன செய்வார்? தூறலில் நனைந்துகொண்டே ஒவ்வொரு நட்டாகக் கழற்றினார். தனக்குத்தான் நட்டு கழன்றுவிட்டது என்று இடையிடையே திட்டிக்கொண்டார். பழைய இரும்புச் சக்கரம் காரில் ஏறியது. அலாய் நாலும் கூடத்து மூலையில், துக்கம் விசாரிக்க வந்த உறவுக்காரர்கள் மாதிரி உட்கார்ந்துகொண்டன.

மறுநாள் சாயங்காலம் அவர் வேலையிலிருந்து திரும்பியபோது கூடத்தில் ஓர் ஆள். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவராம். மனைவியின் கவுன்ட்டருக்கு அடிக்கடி வருகிறவராம்.

"வீட்டை அடைச்சுக்கிட்டுக் கிடக்கே, யாராவது எடுத்துக்கிட்டுப் போகட்டும்னு நான்தான் வரச் சொன்னேன்" என்றாள் மனைவி.

டிரைவிங் ஸ்கூல்காரர் ஒரு சக்கரத்தைப் புரட்டி முதுகைப் பார்த்தார். இன்னொன்றைப் புரட்டினார். உதட்டைப் பிதுக்கினார்.

"எழுத்தே இல்லையேம்மா. டூப்ளிகேட். காயலான் கடையில போடுங்க."

குமாஸ்தாவுக்கு மூச்சு வந்தது. அப்பாடா. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். இந்த ஆள் எழுந்து போய்விடுவார். சக்கரம் மூலையிலேயே இருக்கும். பல் பிரஷ்ஷும் இருக்கும். வாயை மட்டும் மூடிக்கொண்டிருக்க வேண்டும்.

"மோசமான வார்ப்பு" என்று வந்தவர் சக்கரத்தைக் காலால் லேசாக நெட்டினார். "குழந்தை விளையாட்டு வண்டிக்குக்கூட ஆகாது."

குமாஸ்தா பல்லைக் கடித்தார்.

"விடுங்க சார்" என்றாள் மனைவி, குரலில் அப்படியொரு பரிதாபம். "இவருக்கு எது அசல், எது நகல்னு பார்க்கத் தெரியாது. யாரோ நல்லா ஏமாத்தி விட்டுட்டாங்க."

அவ்வளவுதான்.

"யாருக்குடி பார்க்கத் தெரியாது?" என்று குமாஸ்தா பாய்ந்தார். கண்ணாடி ஒரு பக்கம் நழுவியது. "எனக்கா? ஊரில் இருக்கிற அசலையெல்லாம் பார்த்தவன் நான்! சார், இந்த நடு ஓட்டையைப் பாருங்க. என் கார்ல வளையமே இல்லாம சொருகினாப்பல உட்கார்ந்துச்சு. இந்தக் கம்பிக்குப் பின்னாடி தடவிப் பாருங்க. எங்கயாவது பிசிறு இருக்கா? எழுத்து இல்லையா? எழுத்து இல்லையாம்ல எழுத்து!" நாலாவது சக்கரத்தைப் புரட்டி, சட்டை நுனியால் கிரீஸை அழுத்தித் துடைத்தார். "படிங்க! கம்பெனி முத்திரை. பாக எண். வார்த்த மாசம். மத்த மூணையும் இதோட வெச்சு ஒப்பிட்டுப் பாருங்க. ஒரே அச்சு! அராவினது நான். இந்தக் கையாலதான் அராவினேன். நாலும் ஒரிஜினல் சார், ஒரிஜினல்!"

டிரைவிங் ஸ்கூல்காரர் முட்டி போட்டு நாலையும் நிதானமாக ஒப்பிட்டார். பிறகு எழுந்து மனைவியைப் பார்த்துச் சிரித்தார். "நீங்க சொன்ன மாதிரியே ஆச்சும்மா. அவரே நிரூபிச்சிட்டார். ஒரிஜினல் விலையே தரேன்." பணத்தை அவள் கையில் கொடுத்தார். மூடிகளைச் சோதித்து, ஒன்றை மட்டும் பிடுங்கிக் குமாஸ்தாவிடம் நீட்டினார். "இது ஒண்ணு டூப்ளிகேட் சார். இதை நீங்களே வெச்சுக்குங்க."

சக்கரங்கள் வாசற்படியில் தடதடவென்று இறங்கிப் போயின. குமாஸ்தா மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அழுகை வரும்போல இருந்தது.

அடுத்த வாரம் மேஸ்திரி வந்து கூரையை மாற்றிவிட்டுப் போனார். அவர் முதுகு நன்றாகத்தான் வளைந்தது. வெளியே மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. குமாஸ்தா சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"எப்படித்தான் கண்டுபிடிச்சே?"

"முதுகு பிடிச்ச மேஸ்திரி மறுநாளே என் கவுன்ட்டர்ல குனிஞ்சு டிக்கெட் வாங்கினார். அது கிடக்கட்டும். டூப்ளிகேட் வாங்கினவன் எவனாவது டூப்ளிகேட்னு சொல்வானா? ஒரிஜினல்னுதான் பீத்திக்குவான், உங்க மேலாளர் மாதிரி. நீங்க டூப்ளிகேட்னு சொன்ன அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சு போச்சு, கூரை போயிடுச்சுன்னு. கொல்லையெல்லாம் அரப்பொடி, எழுத்தை வேற அராவி வெச்சுட்டீங்க. நான் ஒரிஜினல்னு சொன்னா யார் நம்புவா? அதான் உங்களையே சொல்ல வெச்சேன்."

குமாஸ்தா கையிலிருந்த போலி மூடியை உருட்டிக்கொண்டே நின்றார். அவள் அதை வாங்கி, பாத்திரம் கழுவும் தொட்டியின் ஓட்டையில் வைத்து அழுத்திப் பார்த்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது. குழாயைத் திறந்துவிட்டாள்.

அந்த மூடியும் போனதை அவரால் தாங்க முடியவில்லை.

"எனக்குன்னு ஒண்ணே ஒண்ணு அசலா இருக்கட்டும்னு நினைச்சேன்" என்றார். "அது ஒரு தப்பா?"

அவள் திரும்பக்கூட இல்லை. பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்:

"எனக்குப் பேசினது உங்க அண்ணனை. அசல்தான் வேணும்னு நான் என்னைக்காவது அடம் பிடிச்சேனா?"