இரண்டு குழி விழுந்த நட்சத்திரம்

இறக்கக்கண்டி,
வியாழக்கிழமை.

மதிப்புக்குரிய யோகலிங்கம் மாமாவுக்கு,

மருமகள் ஜெயரூபி எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். நீங்களும் தங்கரத்தினம் மாமியும் சுகமாக இருக்கவேண்டும், முக்கியமாக இந்தக் கடிதத்தை வாசித்து முடித்த பிறகும். போனில் உங்கள் குரலைக் கேட்டால் எனக்குக் கதை வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

மாமா, சனிக்கிழமை கொழும்பில் நடக்கும் வானியல் கூட்டத்துக்குப் போகாதீர்கள்.

பத்தாம் ஆண்டோடு நின்றவள் வீட்டில் சும்மா இருக்கிறாள் என்று நீங்கள்தான் என்னைக் கூப்பிட்டு, 2005ஆம் ஆண்டில் உங்கள் வீட்டு ஹோலில் தொங்கும் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து ஒரு நட்சத்திரத்தின் வெளிச்சத்தைக் குறித்த உங்கள் கொப்பியையும், அதே நட்சத்திரத்தைக் கந்தளாயில் உங்களைப்போல வானம் பார்க்கும் முனீப் சேர் குறித்த கொப்பியையும் கணினியில் ஏற்றி, இரண்டு ஒளி வளைகோடுகளையும் ஒன்றாக்கச் சொன்னீர்கள். முதலில் உங்களுடையதை ஏற்றினேன். சேருடையதைத் திறந்ததும் உங்களுடையது காணாமல் போனது. நான்தான் அழித்துவிட்டேன் என்று நினைத்து முழுவதையும் திரும்பத் தட்டினேன். அப்படி மூன்று முறை. சேர்த்துத் திறப்பதற்கென்று ஒரு பொத்தான் இருப்பதை நாலாம் நாள்தான் கண்டேன். பிறகு நட்சத்திரம் தலைகீழாக நின்றது. வெளிச்சம் கூடினால் எண் குறையும் என்று யார் நினைப்பார்கள்? அதைக் கேட்க வெட்கப்பட்டு ஒரு நாள் முழுக்கக் கழுத்தைச் சரித்துக்கொண்டு பார்த்தேன். கடைசியில் எல்லாம் சரிவந்தபோது, அதை இன்னொரு நட்சத்திரம் மறைத்து வெளிச்சம் மங்கும்போது ஒரு குழி விழவேண்டிய இடத்தில் அரை மணித்தியால இடைவெளியில் இரண்டு குழி.

நீங்கள் வந்து பார்த்தீர்கள். "பிள்ளை, கதிரையை விட்டு எழும்பு. ரெண்டு தரம் மங்குது. அப்ப மறைக்கிறதுக்கு இன்னொரு நட்சத்திரமும் நிக்குது. நேரமெல்லாம் சரிபார்த்துத்தானே போட்டனீ?" என்றீர்கள். நான் "ஓம் மாமா" என்றேன். அந்த "ஓம்"ஐத் திரும்ப எடுக்க வழியிருந்தால் எடுத்துவிடுவேன். ஏனென்றால் நீங்கள் நேரே குசினிக்குப் போய், இருபது வருடமாகத் தொலைநோக்கியைத் திட்டும் மாமியிடம், "புது நட்சத்திரத்துக்குத் தங்கம் எண்டு பேர் வைக்கப்போறன்" என்று சொல்ல, மாமி நீங்கள் கேட்காமலே தேத்தண்ணி போட்டுத் தந்தா.

நேற்று அப்பாவிடம் சொன்னேன். "அரை மணித்தியாலமோ? அடியே, அந்த நாளையில நாட்டில ரெண்டு நேரம் ஓடினது. அரசாங்கம் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினது. கன சனம் பழைய நேரத்தையே வச்சிருந்தது. எந்தக் கொப்பி எந்த நேரமெண்டு கேட்டனியோ?"

கேட்கவில்லை மாமா. நான் பிறக்குமுன் நேரம்கூட இரண்டாக இருந்தது எனக்குத் தெரியாது. எந்தக் குழி யாருடையதென்று பார்க்காவிட்டாலும், நீங்கள் பழைய நேரம், சேர் புதிய நேரமாகத்தான் இருக்கும். குழி ஒன்றுதான். தங்கம் என்று ஒரு நட்சத்திரம் இல்லை. கூட்டத்தில் அதைச் சொல்லி அத்தனை பேர் முன்னால் நீங்கள் தலைகுனிந்து நிற்கக்கூடாது. பிழை முழுவதும் என்னுடையது. மாமியிடம் எப்படிச் சொல்வீர்களோ தெரியாது.

கோணேசர் உங்கள் இருவரையும் ஒரு குறையுமில்லாமல் வைத்திருக்கட்டும்.

வாய் திறக்காத மருமகள்,
ஜெயரூபி

பி.கு.: மாமி இப்போதுதான் போன் எடுத்தா. அழுகையோடு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "எங்கட வீட்டில ஏது பழைய நேரம்? உன்ர மாமா துறைமுகக் கந்தோரில அரசாங்க உத்தியோகம் பார்த்தவர். முதல் நாளே புது நேரத்துக்கு மாத்தினவர்" என்றா. அப்படியென்றால் இரண்டு குழியும் உண்மை, கடிதத்தைக் கிழிக்கலாம் என்று எழும்பினேன். போனில் மாமி கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "அந்த ஹோல் மணிக்கூட்டை நான்தான் அதுக்கு மேல இன்னும் அரை மணித்தியாலம் கூட்டி வச்சனான். அப்பவாவது மனுசன் நேரத்துக்கு இறங்கிச் சாப்பிட வரட்டுமெண்டு. கந்தோருக்கும் முந்திப் போய் நல்ல பேர் எடுத்தவர். இதை அவருக்குச் சொல்லிப்போடாதை" என்றா. ஆக, குழி மறுபடியும் ஒன்றுதான், கடிதம் போகத்தான் வேண்டும்; புதிதாக எழுத வீட்டில் வேறு கடதாசி இல்லை. இதை உங்களிடம் கொண்டுவரும் அப்பா ஏறவேண்டிய பஸ்ஸும் வந்துவிட்டது. ஆகவே மாமா, தயவுசெய்து பின்குறிப்பை மட்டும் வாசிக்காதீர்கள்.