மனைவி சம்மதக் கடிதம்

தவளை தன் வாயால் கெடும். மூலக்குளம் ராஜவேல் கெட்டது ஆபீஸ் கேன்டீனில். புதுச்சேரியிலிருந்து அந்தமான் வரை போய்த் திரும்பும் பாய்மரப் படகுப் பந்தயம், இருபத்திரண்டு நாள், அனுபவம் இல்லாதவர்களும் சேரலாம் என்று பேப்பரில் வந்திருந்தது. "ஆம்பளன்னா இதுக்குப் போவணும்" என்றார். "நீ போயேன்" என்றான் கூட வேலை பார்க்கும் வெற்றிச்செல்வன். அன்று மாலையே பேர் கொடுத்துவிட்டு வந்தார்.

பயிற்சிக்குப் போன இரண்டு ஞாயிறும் துறைமுகத்தைத் தாண்டுமுன்பே குடல் வாய்க்கு வந்துவிட்டது. மூன்றாவது ஞாயிற்றிலிருந்து அவர் போகவில்லை. கடல் என்றாலே இப்போது பயம். பின்வாங்கினாலோ, ரிட்டையர் ஆகும்வரை ஆபீசில் வைத்துச் செய்வார்கள்.

தப்பிக்க ஒரே வழிதான் இருந்தது. படகுத் தலைவர் அந்துவான் பிரெஞ்சுக்காரர், எல்லோருக்கும் 'முசியே'; கறாரான ஆள். கல்யாணமானவர்கள் வீட்டுச் சம்மதக் கடிதம் இல்லாமல் படகில் கால் வைக்கக் கூடாது. மனைவி அஞ்சலாட்சி 'மாட்டேன்' என்று சொல்லிவிட்டால் போதும். "நான் ரெடிப்பா, வீட்டுல விடல" என்று கையை விரித்துவிடலாம். உயிரும் மிஞ்சும், மானமும் மிஞ்சும்.

வியாழக்கிழமை சாயங்காலம் முகத்தை வீரமாக வைத்துக்கொண்டு கடிதத்தை நீட்டினார்.

"அஞ்சல, இருபத்திரண்டு நாளு. கரையே கண்ணுக்குத் தெரியாது."

"சரிங்க."

"பொயலு வந்தாலும் வரும்."

"மாசி மாசத்துல ஏதுங்க பொயலு?"

"சுறா இருக்கும்டி."

"அது பாட்டுக்கு அது போவும். நீங்க கைய உள்ள வச்சிக்கிங்க."

"நான் திரும்பி வரலன்னா?"

"கேஸ் புக் பண்ற நம்பர மட்டும் எழுதி வச்சிட்டுப் போங்க."

பேனாவை வாங்கிக் கையெழுத்தும் போட்டுவிட்டாள். கனகசெட்டிக்குளத்து மீனவர் வீட்டுப் பெண்ணிடம் கடலைக் காட்டிப் பூச்சாண்டி காட்டியது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அதன்பின் இரண்டு நாளும் சோறு இறங்கவில்லை.

ஞாயிறு காலை எட்டு மணிக்குப் படகு. ஆபீஸே மாலையோடு துறைமுகத்துக்கு வந்துவிட்டது. வெற்றிச்செல்வன் போனில் வீடியோ எடுத்தான். ராஜவேலின் ஒரு கால் பலகைமேல், ஒரு கால் கரைமேல். மேலேயிருந்து முசியே கையை நீட்டினார். அதைப் பிடித்தால் கதை முடிந்தது. மாலையும் கழுத்துமாகத் திரும்பி, மனைவியின் காதோரம் குனிந்தார்.

"அஞ்சல, எனக்குப் பயமா இருக்குது. வேணாம்னு சொல்லிடு. கெஞ்சிக் கேக்குறேன்."

"இத வியாழக்கெழமையே சொல்லியிருந்தா ரெண்டு நாளு சாப்புட்டிருப்பீங்க."

"ஒனக்குத் தெரியுமா?"

"நீங்க வாந்தி எடுத்தன்னிக்கே முசியே போன் பண்ணாரு. மாத்தாளு வேணும்னாரு. ஒரு மாசமா, நீங்க ஆபீசு போனப்புறம் நாந்தான் பயிற்சிக்கு வரேன்."

பையிலிருந்து இன்னொரு சம்மதக் கடிதத்தை எடுத்தாள். பயணியின் பெயர் அஞ்சலாட்சி. கணவர் கையெழுத்துக்கு இடம் காலி.

"போடுங்க. நேரமாவுது."

போட்டார். போட்ட வேகத்தில் மூளையும் வேலை செய்தது. மாலையைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டுவிட்டு ஆபீஸ் பக்கம் திரும்பினார். "வீட்டுல ரொம்ப ஆசப்பட்டா. விட்டுக் குடுத்துட்டேன்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். மானமும் மிஞ்சியே விட்டது.

முசியேயின் கையைப் பிடிக்காமலே அவள் தாவி ஏறினாள். கயிறு அவிழ்ந்தது. படகு நகர நகர ராஜவேல் கரையோரமாகக் கூடவே நடந்தார். கல்யாணமானதிலிருந்து அவள் இல்லாமல் அவர் ஒரு நாள் இருந்ததில்லை.

"அஞ்சல, நான் சாப்பாட்டுக்கு என்ன பண்றது?"

"ஃப்ரிட்ஜுல மாவு இருக்குது. அஞ்சு நாளைக்கு வரும்."

"அப்புறம்?"

அவள் இரண்டு கையையும் வாயருகே குவித்து, கரையில் நின்ற ஆபீஸ் மொத்தத்துக்கும் கேட்கும்படி கத்தினாள்.

"கிரைண்டரு இருக்குதுங்க. அது படகு மாதிரி ஆடாது, பயப்படாம அரைங்க."