ஆறு முறை மடித்த ஆப்பிள் பேஸ்ட்ரி

மேலகரம்,
22-9-1959.

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் இந்த மாத இதழின் முப்பத்தொன்றாம் பக்கத்தில் திருட்டுச் சரக்கு அச்சாகியிருக்கிறது.

வணக்கம். தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும், குறிப்பாக எழுத்துக் கோக்கிறவர்களும், சுகமாக இருக்க வேண்டுகிறேன். வணக்கத்தை எழுதிவிட்டுத்தான் புகாருக்கு வர வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். கோபத்தில் இடம் மாறிவிட்டது, மன்னிக்கவும்.

மாதர் பகுதியில் ‘குற்றாலக் குளிருக்கு ஆப்பிள் பேஸ்ட்ரி’ என்று தலைப்புப் போட்டு, தென்காசி திருமதி சொக்கம்மாள் தில்லைநாயகம் எழுதியதாக ஒரு செய்முறை வந்திருக்கிறது. வட்டத்துக்குள் அந்த அம்மாளின் படமும் இருக்கிறது. சலூனில் முடி வெட்டிக்கொண்டிருந்தபோது பார்த்தேன். பாதி முடி வெட்டியதோடு எழுந்து வந்துவிட்டேன். அந்தப் பேஸ்ட்ரியைச் செய்தவன் நான். அந்த அம்மாள் தின்றவர்கள். சாட்சி வேண்டுமா? உங்கள் பக்கமே சாட்சி. ‘வெண்ணெயை நன்றாக உருக்கி மாவில் ஊற்றிப் பிசையவும்’ என்று எழுதியிருக்கிறார்கள். உருக்கினால் தொலைந்தது. வெண்ணெய் கட்டியாகவே மாவின் மடிப்புக்குள் படுத்துக் கிடக்க வேண்டும், அடுப்புக்குள் போன பிறகுதான் அது உருகி ஒவ்வொரு மடிப்பையும் தூக்க வேண்டும். ஒரு தடவையாவது மாவைத் தொட்டவர்களுக்கு இது தெரியும். சென்னையிலிருந்து நாகர்கோவில் வரைக்கும் எத்தனை பெண்கள் உங்கள் பக்கத்தை நம்பி வெண்ணெயை உருக்கி, ஆப்பிளைப் பாழாக்கி, மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்களோ. அதில் உங்களுக்கும் பங்கு உண்டு.

நான் யார் என்று கேட்பீர்கள். பெயர் ஞானதுரை. எஸ்.எஸ்.எல்.சி. தேறி, தென்காசியில் மூசா பாய் ரொட்டிக் கடையில் மூன்று வருஷமாக அடுப்பு வேலை. பன், ரஸ்க், ரொட்டி எல்லாம் சுட்டு, சாரல் மாதங்களில் குற்றாலத்துப் பங்களாக்களுக்குச் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பதும் நான்தான். தென்காசியில் எங்கள் கடை ரொட்டியைத் தொட மாட்டாத குடும்பங்கள், ஆசாரத்தை ஊரிலேயே பூட்டி வைத்துவிட்டுக் குற்றாலம் வந்து, அருவியில் குளித்த பசிக்கு ஆளுக்கு நாலு பன் தின்னும். தில்லைநாயகம் பிள்ளை பங்களாவும் அப்படித்தான். இந்த ஆடியில் அங்கே ஒரு விருந்தாளி வந்திருந்தார், சீமையில் படித்துத் திரும்பிய பெரிய என்ஜினீயர். அவருக்கு அருவியும் பிடிக்கவில்லை, எண்ணெய்க் குளியலும் பிடிக்கவில்லை. சாரலைப் பார்த்துவிட்டு, சீமையில் இப்படி மழை பெய்தால் ஆப்பிள் பேஸ்ட்ரி தின்போம் என்று பெருமூச்சு விட்டாராம். சொக்கம்மாள் அம்மாள் என்னைக் கூப்பிட்டு, அவர் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்த குறிப்பைக் கையில் திணித்து, வியாழக்கிழமை அவர் கிளம்புவதற்குள் செய்து தர வேண்டும் என்றார்கள். அந்த என்ஜினீயரின் மருமகன் மதுரையில் பெரிய ஓட்டல் திறக்கிறாராம், அடுப்புக்கு ஆள் தேடுகிறாராம். “நல்லா வந்துச்சுன்னா அவுக கிட்ட உன் பேரச் சொல்லுதேன்” என்றார்கள். ஆசிரியர் அவர்களே, இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் பின்னால் வரும் கூத்தெல்லாம்.

திங்கட்கிழமை காலையில் தென்காசிப் பழக்கடையில் ஒரு டஜன் ஆப்பிள் வாங்கினேன், கோடைக்கானல் காய், நல்ல புளிப்பு. கடைக்காரர் ஹபீபுல்லா பாய் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, “யாருக்குத் தம்பி சொகமில்ல?” என்றார். நான் அவசரத்தில் வீட்டுக்குத்தான் பாய் என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் ஆப்பிள் என்பது நோயாளிக்கு வாங்குவது. ஒன்று என்றால் காய்ச்சல், இரண்டு என்றால் ஆஸ்பத்திரி. பணக்காரன் வீட்டுக்குக் கூடை கூடையாக இறங்கினால் யாரும் கேட்பதில்லை. வண்டிக்காரன் மாடக்கண்ணு மகன் நான் ஒரு டஜன் வாங்கினால் மாடக்கண்ணு பிழைக்க மாட்டான் என்று அர்த்தம். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. என் மண்டைக்குள் முழுக்க மடிப்பு. கடைக்குப் போய், வெண்ணெயை மாவுக்குள் வைத்து உருட்டினால், தென்காசி வெயிலில் அது மூன்றாவது உருட்டிலேயே கசிந்து பலகையெல்லாம் ஓடிவிட்டது. அடுப்பில் வைத்து எடுத்தேன். மூசா பாய் ஒரு துண்டைக் கடித்து, மெல்ல முடியாமல் வெளியே எடுத்துப் பார்த்து, இதை அடியில் வைத்துத் தைத்தால் செருப்பு ரொம்ப நாள் உழைக்கும் என்றார். பன்னிரண்டு ஆப்பிளும் போயிற்று.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் தெரு முழுக்கச் செருப்பு. உள்ளே எங்கள் அய்யா நடு வீட்டில் பாய் போட்டு உட்கார்ந்திருக்கிறார், சுற்றிலும் சொந்தக்காரர்கள். காலையில் ஒரு கும்பா கூழ் குடித்துவிட்டு வண்டி பூட்டிய மனுஷன். பண்பொழியிலிருந்து மூக்கம்மாள் அத்தை தெருமுனையிலேயே ஆரம்பித்து, எங்கண்ணாச்சி எங்கள விட்டுட்டுப் போகப் பாத்தியே என்று அழுதுகொண்டே வந்து, இரண்டு ஆப்பிளும் ஒரு ரொட்டியும் வைத்தாள். ரொட்டி நான் சுட்டது. எனக்கு ஒன்றும் இல்லை என்று அய்யா சொல்லச் சொல்ல, பாவம், புத்தியும் தடுமாறுது என்று அழுகை கூடியது. நான் அவர் காதில் விஷயத்தைச் சொன்னேன். அவர் மூலையில் குவிந்திருந்த ஆப்பிள்களைப் பார்த்தார், பதினாறு இருந்தன. பிறகு மெதுவாகப் பாயில் சாய்ந்து, “ஏலே, இன்னும் எத்தன வேணும்? ரெண்டு நாள் படுத்தாப் போதுமா?” என்றார்.

செவ்வாய்க்கிழமை பங்களாவின் குளிர்ந்த அடுக்களையிலேயே மாவை உருட்டி மடித்துத் தகரப் பெட்டியில் வைத்துக்கொண்டு தென்காசி அடுப்பை நோக்கி மிதித்தேன். மாவு குற்றாலத்தில், அடுப்பு தென்காசியில், நடுவில் மூன்று மைல், அந்த மூன்று மைலுக்கும் நடுவில் மேலகரம், மேலகரத்தில், விசாரிக்க வந்து ஊருக்குத் திரும்பாத மூக்கம்மாள் அத்தை. நடுரோட்டில் சைக்கிளை மறித்து, பெத்தவன் இழுத்துக்கிட்டுக் கெடக்கான், நீ பொட்டியக் கட்டிக்கிட்டு ஊர் சுத்துதியா என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். விலக்கினால் நான் பாவி, விலக்காவிட்டால் வெண்ணெய் உருகும். அரை மணி நேரம், அதுவும் திடீரென்று அடித்த வெயிலில். பெட்டியைத் திறந்தபோது உள்ளே நெய்க்குளம். எட்டு ஆப்பிள் அதோடு தீர்ந்தது. ஆனால் அன்றைக்கு அய்யாவுக்கு மூச்சு முட்டுகிறது என்று செய்தி செங்கோட்டை வரை போய்விட்டதால், சாயங்காலத்துக்குள் இன்னும் பதினொன்று வந்து சேர்ந்தது.

புதன்கிழமை, கடைசி நாள். இதை எழுதும்போதே எனக்குக் கை பரபரக்கிறது. பேரருவிக்குக் கீழே சிற்றாற்றங்கரையில், இடுப்பு உயரத்துக்கு, வழவழவென்று தேய்ந்த ஒரு பாறைக் கல் இருக்கிறது. நாளெல்லாம் தண்ணீர் பட்டுப் பட்டு ஐஸ்கட்டி மாதிரி சில்லென்று இருக்கும். அங்கே துணி வெளுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் சற்று நகர்ந்து இடம் கொடுத்தாள். கல்லைத் தேய்த்துக் கழுவித் துடைத்தேன். வெண்ணெயை வாழையிலையில் பொதிந்து தூக்குச்சட்டியில் போட்டு, ஆற்றுக்குள் அமுக்கி, கல்லாக்கி எடுத்தேன். மாவை விரித்து, நடுவில் வெண்ணெயை வைத்து, வெளுத்த வேட்டியை மடிக்கிற மாதிரி மூன்றாக மடித்து, உள்ளங்கையால் நீவி, கால் வட்டம் திருப்பி, புட்டியால் உருட்டி, மறுபடி மடித்து, இப்படி ஆறு முறை. ஒரு சொட்டு கசியவில்லை. ஆப்பிளைச் சீவிச் சர்க்கரையும் பட்டைத்தூளும் பிசிறி உள்ளே வைத்து மூடினேன். சைவ வீடு, முட்டை கூடாது, மேலே பால் தடவினேன். பெட்டியைச் சுற்றி ஈரச் சாக்கு. இந்தத் தடவை மேலகரத்தில் நிற்கவில்லை. மறித்த அத்தையை வளைத்துக்கொண்டு போய்விட்டேன்.

மூசா பாய் அடுப்பைத் திறந்தபோது, ஆசிரியர் அவர்களே, அது எழும்பி நின்றது. விரல் கனத்துக்கு வைத்த மாவு நாலு விரல் உயரம், ஏடு ஏடாக, பொன் நிறத்தில், ஓரத்தில் ஆப்பிள் பாகு கொப்பளித்துக்கொண்டு. விரலால் தட்டினால் காய்ந்த சருகு மாதிரி சத்தம். மூசா பாய் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார். ஆனால் மூடி போட்டால் சொந்த ஆவியிலேயே நமுத்துவிடும், திறந்து வைத்தால் வெளியே சாரல் தொடங்கிவிட்டது. ஒரு ஆள் குடை பிடிக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து எங்கள் அய்யா, படுத்துப் படுத்து முதுகு வலிக்கிறது என்று கொல்லை வழியாகத் தப்பித்துக் கடைக்கு வந்து சேர்ந்தார். அவரைக் கேரியரில் உட்கார வைத்தேன், மடியில் பேஸ்ட்ரி, கையில் குடை. குடை பேஸ்ட்ரிக்கு, மழை எங்களுக்கு. மேலகரம் கடைத்தெருவில் அத்தையும் ஆப்பிள் கொடுத்த அத்தனை பேரும் நிற்கிறார்கள். சாகக் கிடந்த மனுஷன் சைக்கிளில் போகிறார். அவர் எல்லாருக்கும் தலையை ஆட்டி விசாரித்துக்கொண்டே போனார். அத்தை அன்றைக்கே இரண்டு ஆப்பிளைத் திருப்பிக் கேட்டு ஆள் அனுப்பினாள். வழியில் ஒரு பள்ளத்தில் ஓரம் ஒன்று உடைந்தது. அதை அய்யாவும் நானும் பாதிப் பாதியாகத் தின்றோம். நாக்கில் வைத்ததும் ஏடுகள் நொறுங்கி, புளிப்பு ஏறி, பிறகு இனித்தது. நோய்க்கு இல்லாமல், அவர் ஆயுசில் முதல் தடவையாக ஆப்பிள் தின்றார். இதுக்கு நெசமாவே நாலு நாள் படுக்கலாம்லே என்றார்.

பங்களாவில் பின்வாசல் வழியாகத் தட்டை வாங்கிக்கொண்டார்கள். நான் தலையிலிருந்து தண்ணீர் சொட்ட அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். உள்ளே கத்தி வைக்கிற சத்தம் கேட்டது, மொறு மொறு என்று. என்ஜினீயர், சீமையிலேயே இப்படித் தின்றதில்லை, இதைச் செய்த ஆள் யார் என்று கேட்டார். சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டேன். சொக்கம்மாள் அம்மாள் சொன்னார்கள்: “நாந்தான் அண்ணாச்சி. சும்மா பொழுது போகலியேன்னு செஞ்சேன்.” நான் இருமினேன். “யாரது, ரொட்டிக்காரனா? பொட்டிய எடுத்துட்டுப் போவச் சொல்லு.”

அவ்வளவுதான். வியாழக்கிழமை என்ஜினீயர் ரயிலேறினார், மதுரை ஓட்டலும் அவரோடு ஏறிப் போயிற்று. இப்போது அச்சிலும் அவர்கள் பெயர். உழைத்தவன் கதவுக்குப் பின்னால் நிற்க வேண்டும், தின்றவர்கள் வட்டத்துக்குள் சிரிக்க வேண்டும். இந்த நாட்டில் எல்லாப் பண்டமும் இப்படித்தான் மேசைக்குப் போகிறது. செய்த கையை யாரும் கேட்பதில்லை, கேட்டால் பொய் சொல்லுதாவ, அந்தப் பொய்ய நீங்க படத்தோட அச்சடிக்கிய. ஆகவே அடுத்த இதழில், முப்பத்தொன்றாம் பக்கத்திலேயே, ‘இதைச் செய்தவர் மேலகரம் மா. ஞானதுரை’ என்று திருத்தம் போட வேண்டும். படம் வேண்டாம், முடி பாதிதான் வெட்டியிருக்கிறது.

தங்கள் இதழ் நீடூழி வாழவும், மாதர் பகுதி மட்டும் திருந்தவும் வேண்டி,

மா. ஞானதுரை.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன்னால், பங்களாவுக்கு ரொட்டி கொடுக்கப் போன வழியில் ஆற்றங்கரையில் பேராச்சியிடம் இதைப் படித்துக் காட்டினேன். பேராச்சி அந்தப் பங்களாவுக்குத் துணி வெளுக்கிறவள். மேலே ‘ஒரு பெண்’ என்று எழுதியிருக்கிறேனே, அவள்தான். முழுவதும் கேட்டாள். துணியைப் பிழிந்து வைத்துவிட்டு, “வெண்ணெய ஆத்துல போடச் சொன்னது ஆரு?” என்றாள். அவள்தான். நான் மடித்து மடித்து இரண்டு தடவை கிழித்த பிறகு, தள்ளுலே என்று கையைக் கழுவிவிட்டு வந்து ஆறு முறையும் மடித்து நீவியவளும் அவள்தான். கல், அவள் துணி துவைக்கிற கல். அவள் கை பட்டது தெரிந்தால் பங்களாவில் தீட்டு என்று தட்டோடு வெளியே எறிவார்கள், அதனால்தான் எழுதவில்லை என்றேன். “அவுக இடுப்புல கட்டுத வேட்டி அம்புட்டும் எங்கையால மடிச்சதுதான். அதத் தீட்டுன்னு அவுத்துப் போட்டாவளா?” என்றாள். ஆகவே திருத்தத்தில் என் பெயரை அடித்துவிட்டு ‘குற்றாலம் பேராச்சி’ என்று போடுங்கள். அவளிடம் அதைச் சொன்னேன், பேரு கெடக்கட்டும் என்றாள். பிறகு ஓரம் உடைந்த இடத்தை மறுபடி படிக்கச் சொல்லி, அய்யாவும் நானும் பாதிப் பாதியாகத் தின்றது வரை கேட்டாள். அங்கேயே நிறுத்தச் சொன்னாள்.

“அதுல எம்பங்கு எங்கலே?”