புகார் மேலிடத்துக்குப் போகும்

மச்சினன் தர வேண்டிய பாக்கி ஆறாயிரத்து முந்நூற்று நாற்பது. அந்தப் பேச்சை எடுத்தாலே அவனுக்கு இருமல் வந்துவிடும்.

டைல்ஸ் ஒட்டுபவருக்கு அந்தப் பணம் கைக்கு வந்தால் சொந்தமாக ஒரு கல் வெட்டும் மெஷின் வாங்கலாம். இப்போது இருப்பது வாடகை மெஷின். பாதிக் கூலியை அதுவே தின்றுகொண்டிருந்தது.

போன வாரம் அவர் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, மச்சினன் தன் பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தான். அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்து என்னவோ தட்டினான். அத்தானுக்கும் தனியாக ஒரு பெயர், ஒரு கடவுச்சொல் போட்டு, ஒரு சீட்டில் எழுதி வைத்தான். "இது வட்டிக்கு. முதல் அப்புறம்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி வந்தான்.

"என்னடா, திறந்ததும் பெங்குவின் நிக்குது?"

"அது லினக்ஸ், அத்தான். விண்டோஸ் மாதிரிதான், ஆனா காசு கொடுத்து வாங்க வேண்டியதில்ல. இனாம்."

"அதானே! நீ காசு கொடுத்திருப்பியோன்னு ஒரு நிமிஷம் பயந்துட்டேன்."

மச்சினன் அதைக் காதில் வாங்கவில்லை. "இதுல ஒரு பேய் விளையாட்டு இருக்கு, அத்தான். அஞ்சு பாகம். ஆளோட மனசையே கலைச்சிடும். நான் ரெண்டாம் பாகத்தோட மூடிட்டேன். இன்னும் லைட்டை அணைக்காமத்தான் படுக்கிறேன். பந்தயம் வெச்சுக்கலாமா? கத்தாம அஞ்சும் முடிச்சா முழுப் பாக்கியும் இப்பவே. நடுவுல கத்தினீங்க, கடன் காலி."

"பணத்தைக் கண்ணுல காட்டு."

மச்சினன் சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டுக் கட்டை எடுத்துக் காட்டி, மறுபடி உள்ளே வைத்துத் தட்டிக்கொண்டான். ஜன்னலோரம் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த அக்கா நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி மிதிக்கத் தொடங்கினாள்.

முதல் பாகத்தில் பாழடைந்த ஒரு வீடு. குளியலறைச் சுவரைப் பிளந்துகொண்டு முகமில்லாத ஒரு பெண் வந்தாள். மச்சினன் கண்ணைப் பொத்திக்கொண்டான்.

"தரையில வாட்டமே இல்லையேடா" என்றார் அவர். "தண்ணி எப்படி ஓடும்?"

"அத்தான், பேயைப் பாருங்க!"

"பார்த்தேன். அவ நிக்கிற இடத்துல டைல்ஸ் தூக்கிட்டு நிக்குது. தட்டினா சத்தம் கேக்கும்."

இரண்டாம் பாகத்தில் கூரையிலிருந்து ரத்தம் சொட்டியது. மேல்மாடிக் குழாய் ஒழுகுகிறது என்று சொல்லிவிட்டு அவர் நடந்துகொண்டே இருந்தார். மச்சினன் சட்டைப் பையை இறுக்கிப் பிடித்தான்.

மூன்றாம் பாகத்தில் கம்ப்யூட்டரில் சத்தம் நின்றுபோனது. பேய் காதோடு சொல்லும் எண்ணைக் கேட்டால்தான் கதவு திறக்கும்.

"ஒண்ணும் பெரிசில்ல" என்று மச்சினன் திரையில் கட்டளை அடிக்கும் ஒரு கருப்பு ஜன்னலைத் திறந்துவிட்டான். "நான் சொல்றதை அப்படியே அடிங்க."

அவர் ஒற்றை விரலால், கல்லுக்குக் கல் இடம் பார்த்து வைப்பதுபோல, எழுத்துக்கு எழுத்து தேடி அடித்தார். சத்தம் வந்தது. படம் போய்விட்டது.

"இப்ப இதை அடிங்க."

படம் வந்தது. தலைகீழாக வந்தது. பேய்ப்பெண் கூரையில் நடந்தாள்.

"இது ரசமட்டத்துக்கே அடங்காதுடா."

"கடைசியா ஒண்ணு. இது கடவுச்சொல் கேக்கும். உங்களோடதைப் போடுங்க."

சீட்டைப் பார்த்துப் போட்டார். கருப்பு ஜன்னலில் இரண்டு வரி வந்தது. எழுத்துக் கூட்டி வாசித்தார். 'உங்கள் பெயர் அனுமதிப் பட்டியலில் இல்லை. இந்தச் சம்பவம் மேலிடத்துக்குத் தெரிவிக்கப்படும்.'

"ஐயையோ!"

நாற்காலி பின்னால் விழுந்தது. தெரு வரைக்கும் கேட்டிருக்கும்.

"கத்திட்டீங்க! கடன் காலி!" மச்சினன் குதித்தான்.

"கடன் கிடக்கட்டும்டா! புகார் எங்க போகுது?"

அவருடைய தொழிலில் பேயைப் பார்த்து யாரும் வேலையை விட்டதில்லை. மேலிடத்துக்குப் புகார் போனவன் மறுநாள் கரண்டியும் வாளியுமாக வாசலுக்கு வெளியே நிற்பான். அவரும் ஒரு தடவை நின்றிருக்கிறார்.

"நான் ஒண்ணும் செய்யலையேடா. நீ சொன்னதைத்தானே அடிச்சேன்?"

"விரல் உங்களுதாச்சே, அத்தான்." மச்சினன் முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டான். "பயப்படாதீங்க. மேல எனக்கு வேண்டியவங்க இருக்காங்க. பேசி அமுக்கிடறேன். ஆனா நீங்க கடனைப் பத்தி இனி மூச்சு விடக்கூடாது."

"விடல."

"பொட்டியும் இங்க இருக்கக்கூடாது. சாட்சி பாருங்க. நானே தூக்கிட்டுப் போய்டறேன்."

"தூக்கு, தூக்கு. சீக்கிரம் தூக்கு."

ஒயரையும் அவரே சுருட்டிக் கொடுத்தார். மெஷினும் போச்சு, வட்டிக்கு வந்ததும் போச்சு. வேலை தப்பினால் போதும் என்றிருந்தது அவருக்கு.

மச்சினன் பெட்டியை அணைத்துக்கொண்டு வாசலைத் தாண்டும் நேரம் தையல் மெஷின் நின்றது. அக்கா வாயில் இருந்த நூலைத் துப்பிவிட்டு எழுந்து வந்தாள். தம்பியின் காதருகே குனிந்து ஏதோ சொன்னாள்.

மச்சினனுக்கு முகம் வெளுத்துப்போனது. இரண்டாம் பாகத்தில்கூட அவன் அப்படி வெளுத்ததில்லை. பெட்டியை எடுத்த இடத்திலேயே வைத்தான். சட்டைப் பையிலிருந்த கட்டைப் பிரித்து, ஆறாயிரத்து முந்நூற்று நாற்பதையும் அத்தான் கையில் எண்ணி வைத்தான். செருப்பைக் கால் மாற்றி மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனான்.

அவர் பணத்தையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். "பேயைப் பார்த்தவன் மாதிரி ஓடறானே. என்ன சொன்னே அவன்கிட்ட?"

"ஒண்ணுமில்லீங்க. அன்னிக்குப் பொட்டிக்குப் பொறுப்பாளர்னு என் பேரைத்தானே பதிஞ்சே, அப்ப அந்த மேலிடம் நான்தானேடான்னு கேட்டேன்."