இடைநிலை நூற்கலையும் டத்தோ அப்பாவுவின் பக்தியும்

புத்தகம் செய்யத் தெரிந்த இனங்கள் உலகில் பல உண்டு. செய்த புத்தகத்தைத் திறக்காமலே போற்றும் பெருமை மட்டும் மலேசியாவின் ஈப்போ நூற்கலை மன்றத்துக்கே உரியது. எண்பத்து நான்கில் அம்மன்றம் நடத்திய ‘கலைநூல் ஆக்கம்: இடைநிலை’ வகுப்பில் மங்களமும் சேர்ந்தாள். தொடக்கநிலையில் தாளைத் தைக்கக் கற்றிருந்தாள். இடைநிலையில் தைத்ததைப் பிரித்து, விசிறியாக மடித்து ஒட்ட வேண்டும். இதற்கு ‘முன்னேற்றம்’ என்று பெயர்.

மங்களம் சட்டைத் தொழிற்சாலையில் பொத்தான் தைப்பவள். சிலிம் ரிவர் பக்கம் அவள் பிறந்த ரப்பர் தோட்டத்தை, ‘டத்தோ’ பட்டம் பெற்ற செல்வந்தர் அப்பாவு வாங்கி, தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்துவிட்டார். அடுத்த மாதம் இடுகாட்டுக்குப் புல்டோசர். அங்கேதான் அவள் அப்பா ஐயாவு கிடக்கிறார். டத்தோவின் வாசலில் போய் நின்று பார்த்தாள், அவருக்கு நேரமில்லை. ஆனால் மன்றத்தின் கண்காட்சியைத் திறந்துவைக்க மட்டும் நேரமிருந்தது.

ஆகவே ரப்பர் ஷீட்டில் அட்டை போட்டு ஒரு புத்தகம் செய்தாள். கடைசி மடிப்பில் தன் அப்பாவின் சமாதியை வரைந்து, ‘டத்தோ, இந்த இடத்தை மட்டும் விட்டிருங்க’ என்று எழுதினாள்.

ஆசிரியர் ஞானசேகரம் மூன்று மாதம் லண்டனில் இருந்தவர். எழுத்தைக் கண்டதும் முகம் சுளித்தார்.

“இதென்ன பிள்ளை, எழுத்தெல்லாம்?”

“படிக்கத்தான் சார்.”

“வாசிக்கிறதுக்கோ நாங்கள் புத்தகம் செய்யிறம்? அது தொடக்கநிலையிலும் கீழ!”

“டத்தோ ஒருவாட்டி பிரிச்சுப் பாத்தா போதும் லா.”

மன்றத்துக்குக் கூரை போட்டுக் கொடுத்தவர் டத்தோ. சேதி கேட்டுச் செயற்குழு அவசரமாகக் கூடி, ஆழ்ந்து ஆலோசித்து, கண்காட்சியைச் சரஸ்வதி பூசை நாளுக்கு மாற்றியது. மங்களத்துக்கும் மகிழ்ச்சிதான், உள்ளே வந்து பார்க்கும்வரை. புத்தகங்களெல்லாம் அம்பாள் படத்தின் முன்னே அடுக்கியிருந்தன, சந்தனமும் குங்குமமுமாக.

“டத்தோ, கடைசிப் பக்கத்த மட்டும் கொஞ்சம் பாருங்க!”

டத்தோ கன்னத்தில் போட்டுக்கொண்டார். “இன்னிக்கு ஏட்டத் தொடக் கூடாதும்மா. சாமி குத்தம்.”

மண்டபமே மெய்சிலிர்த்தது. தானே பிரித்துக் காட்டலாமென்று மங்களம் கையை நீட்டினாள். பொட்டு வைத்த புத்தகத்தைத் தொட அவளுக்கும் மனம் வரவில்லை. அந்தப் பாழாய்ப்போன பயம் அவள் ரத்தத்திலும் இருந்தது.

மறுநாள் விஜயதசமி, ஏடு திறக்கும் நாள். விடிந்ததும் ஓடினாள். புத்தகம் அங்கே இல்லை.

“டத்தோ ஆசைப்பட்டுக் கொண்டு போயிட்டார், பிள்ளை. தன்ர வீட்டில கண்ணாடி அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டியாச்சு. நீ பாஸ்!” என்றார் ஞானசேகரம்.

அடுத்த வாரம் புல்டோசர் சொன்னபடி வந்தது. டத்தோவைக் குறை சொல்பவர்கள் அவருடைய பக்தியை அறியாதவர்கள். அந்த வீட்டில் ஆண்டு முழுவதும் சரஸ்வதி பூசைதான். ஐயாவுவின் சமாதிப் படத்தைத் தொட்டால் சாமி குத்தம். ஐயாவுவின் எலும்பைத் தோண்டினால் வீடமைப்புத் திட்டம்.